தண்ணிப்படத்துப் பிள்ளை

மழைக்கு ஒதுங்கித் தோட்டத்து டிஸ்பென்சரித் தாழ்வாரத்தில் ஏறியபோதுதான் லியனார்டுக்கு அக்காவின் குரல் கேட்டது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மரியநாயகி உள்ளே நின்றிருந்தாள். மருந்துக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் வரிசையாக நின்றார்கள். அவள் அந்த வரிசையில் இல்லை. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்று, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, அதில் படிந்திருந்த தூசியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுகிறவள் அப்படித்தான் துடைப்பாள்.

அந்தப் படம் லியனார்ட் வரைந்தது. ஒரு தாய் கேத்தலிலிருந்து கோப்பையில் தண்ணீர் ஊற்றுகிறாள், பக்கத்தில் நின்று ஒரு பையன் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். கீழே, ‘கொதித்தாறிய நீரையே குடியுங்கள்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கும். நாலு வருஷத்தில் அதன் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து கினிகத்தேனை வரைக்கும் அது ஒட்டப்படாத டிஸ்பென்சரி இல்லை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. லியனார்டின் பெயர் சொன்னால் தெரியாதவர்களுக்கும் ‘தண்ணிப்படம் வரைஞ்சவர்’ என்றால் தெரியும்.

இறம்பொடையிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த லெட்சுமி, இடுப்பில் கைக்குழந்தையோடு வரிசையை விட்டு விலகிப் படத்துக்குக் கிட்டே வந்தாள்.

“அக்கா, இது ஒங்க மகனாமே?”

“எம்மவன்தான். டக்ளஸ்.”

“சிரிப்பு அப்படியே அள்ளுதுக்கா. பல்லைப் பாருங்களேன், எம்புட்டு வரிசையா இருக்கு.”

“அவனுக்குப் பல்லு அப்படித்தான் புள்ள. கரியும் உப்பும் வச்சு நான்தான் தேச்சுவிடுவேன். ஒரு பல்லு பழுது சொல்ல முடியாது.”

லியனார்ட் உள்ளே போகாமல் தூணருகிலேயே நின்றுவிட்டான். டக்ளஸுக்குப் பல் அப்படி இல்லை. புதிதாக முளைத்த முன்பல்லில் பாதி, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக் கல்லில் வழுக்கி விழுந்த அன்றே உடைந்துபோயிற்று. ரத்தம் ஒழுகும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவனைத் தூக்கி இதே டிஸ்பென்சரி வாசலுக்கு ஓடிவந்தது வேறு யாருமில்லை, மரியநாயகிதான். அதற்குப் பிறகு அந்தப் பையன் சிரித்த ஒவ்வொரு சிரிப்பிலும் உடைந்த பல் இருந்தது. அக்கா பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். வெளியாள் முன்னால் செத்த பிள்ளையின் குறையை எந்தத் தாய் சொல்வாள்? ஆனால் அவள் முகத்தில் பொய்யின் அவசரம் எதுவுமே இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறவளாகத்தான் நின்றாள்.

அந்த முழுப்பல்லை வைத்தவன் அவன்தான். கொழும்பில், ஒரு கந்தோர் மேசையில், வெள்ளை மையைத் தொட்டு வைத்தான்.

படம் வரைவதை ஒரு தொழில் என்று கல்லுமலைத் தோட்டத்தில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. விடியக்காலம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாதவன், செக்ரோல் பேரேட்டில் பெயர் இல்லாதவன், மாதம் முடிந்தால் சம்பளம் என்று ஒன்று வாங்காதவன் என்ன வேலை செய்கிறான்? அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளை படம் வரையிறாரு” என்று அக்காவின் புருஷன் பத்திநாதன் மச்சான் பெருமையாகச் சொல்ல, பெண்ணின் தகப்பன், “அது சரிங்க, வேலை என்னா செய்யிறாரு?” என்று கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி லயத்து வீடுகளெல்லாம் சிரித்தன. லியனார்டும் கூடச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? ஹட்டன் டவுனில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில் அறை எடுத்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் பஸ்களுக்குப் பெயரும் கல்யாணக் கார்டுக்குக் குத்துவிளக்கும் வரைந்து காலத்தை ஓட்டினான். கொழும்பு வாரப் பத்திரிகைகளுக்கு மாதிரிப் படங்களைத் தபாலில் அனுப்புவான். சிலது திரும்பி வரும், சிலது வராது. திரும்பி வராததை நினைத்து, ஒருவேளை போட்டுவிட்டார்களோ என்று வாரா வாரம் சலூனில் பத்திரிகையைப் புரட்டிப் பார்ப்பான். போட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியிருந்தபோதுதான் தண்ணிப்படம் வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம். சுகாதாரப் பிரசாரக் கந்தோர் ஒன்றில் படங்களுக்குப் பொறுப்பாக இருந்த பரமலிங்கம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனுக்கு வந்தபோது அவன் எழுதிய பஸ் ஒன்றின் பின்னால் இருந்த கிளியைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்தார். மனிதர் நல்லவர். தோட்டச் சனங்களுக்கான படத்தைத் தோட்டத்துப் பிள்ளையே வரைந்தால் நல்லது என்று அவருக்கு ஒரு எண்ணம். லியனார்டுக்கு மனதிலிருந்து முகம் வரைய வராது. எதிரே ஆள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய், லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் அக்காவைக் கேத்தலோடு நிறுத்தினான். கோப்பையை டக்ளஸ் கையில் கொடுத்தான்.

டக்ளஸ் என்பது இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய்விட்ட பழைய வெள்ளைக்காரத் தோட்டத்துரையின் பெயர். துரை நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போனார். பெயரை மட்டும் லயங்களில் விட்டுவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்தில் மட்டும் அப்போது மூன்று டக்ளஸ்கள் இருந்தார்கள். இவன் அதில் கடைக்குட்டி. ஏழு வயது. கையும் காலும் குச்சி. கன்னத்தில் குழி விழுந்திருக்கும், அழகுக்குழி இல்லை, சாப்பாடு போதாத குழி. “மாமா, நான் புஸ்தகத்துல வருவேனா?” என்று கேட்டுக் கேட்டு வாயை மூடாமல் நின்றான். “வாயை மூடுடா, பல்லு தெரியிது,” என்றாள் மரியநாயகி. “தெரியட்டும்க்கா,” என்றான் லியனார்ட். அன்று வரைந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் அவன் கை எதையும் வரைந்ததில்லை. உடைந்த பல்லும் ஒட்டிய கன்னமும் தண்ணீரைப் பார்க்கிற ஆசையுமாகப் பையன் அப்படியே அட்டையில் இறங்கியிருந்தான்.

கொழும்பில் பரமலிங்கம் அந்தப் படத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, கோவிக்காதையும். வடிவாய்த்தான் கீறியிருக்கிறீர். ஆனா பெடியன் வருத்தக்காரன் மாதிரி, நோஞ்சானாயெல்லோ நிக்கிறான். இந்தத் தண்ணியைக் குடிச்சா எங்கட பிள்ளையும் இப்பிடி வரும் எண்டு பாக்கிற தாய்க்கு ஆசை வரவேணும். கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடும். அந்தப் பல்லையும் ஒருக்காத் திருத்திவிடும்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. லியனார்டுக்கும் முதல் வேலை. அங்கேயே ஒரு மேசையைக் கொடுத்தார்கள். குழியைக் காட்டிய கோடுகளுக்கு மேல் வெள்ளை மையைப் பூசி, கன்னத்தை வெளியே தள்ளிப் புதுக்கோடு போட்டான். பல் இருந்த இடத்திலும் ஒரு சொட்டு வெள்ளை. அவ்வளவுதான், பிள்ளைக்கு உடம்பு வந்துவிட்டது. பரமலிங்கம் தோளில் தட்டினார். அந்த வருஷக் கடைசியில் படம் சுவர்களுக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்காரர்களும் கூப்பிட்டார்கள், பாடப்புத்தகத்துக்கும் கூப்பிட்டார்கள். சலூன் மாடியில் இரண்டாவது அறையும் எடுக்கும் அளவுக்கு ஆயிற்று.

தோட்டத்தில் டக்ளஸ் தலைகால் தெரியாமல் திரிந்தான். “இவன் கொழுத்த பையன்,” என்று மற்றப் பிள்ளைகள் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள். “நான் பெரிசானா அப்படித்தான் வருவேன்,” என்று இவன் பதில் சொன்னான். மரியநாயகிக்கும் சிரிப்புத்தான். “என்னாடா தம்பி, என் வீட்டுச் சோத்துலயா இவனுக்கு இந்தக் கன்னம் வந்துச்சு?” என்று கேட்டாள். அன்று அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. லியனார்ட் அதை இப்போது நன்றாக நினைத்துப் பார்க்கிறான். அன்று தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் ஆனி மழையில் எல்லாம் முடிந்தது. அடுப்புக்கு அந்த லயத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிதான். வாரக்கணக்கில் பெய்த மழையில் கூரைக்குள் வைத்திருந்த மிலாறும் ஊறிப்போயிற்று. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம், சோறு பொங்கவே நெருப்பு பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பையன் வழக்கம்போல் பீலியில் வாயை வைத்துக் குடித்தான். எல்லாப் பிள்ளைகளும் குடித்தார்கள். பீலிக்கு மேலே மேட்டில் புதிதாகக் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். அது யாருக்கும் தெரியாத விஷயமுமில்லை. நாலைந்து பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. மற்றப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். டக்ளஸைத் தோட்டத்து லொறியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பாதி வழியிலேயே அவன் தாயின் மடியில் அடங்கிப்போனான்.

கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மெழுகுதிரி கொடுத்து, ஹட்டன் ஸ்டூடியோவில் படம் பிடிப்பது அந்த லயத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கெல்லாம் வழக்கம். அதற்கு முன்னால் எந்தப் பிள்ளைக்கும் யாரும் படம் பிடிப்பதில்லை. டக்ளஸுக்கு அந்த மார்கழியில் புதுநன்மை. ஆகவே அவன் முகம் ஒரு போட்டோவிலும் இல்லாமல் போயிற்று. மிஞ்சியது தண்ணிப்படம் ஒன்றுதான்.

அதுவே அவளை உயிரோடு கொன்றது. செத்த வீட்டிலேயே ஒருத்தி கேட்டுவிட்டாள்: “படத்துல மட்டும் கேத்தல்ல ஊத்துறா. வீட்டுல பீலித் தண்ணிதானே?” அது காதுக்குக் காது போய், பிள்ளைக்காம்பரா ஆயாவரை வந்தது. ஊருக்கெல்லாம் கொதித்த தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறவள், எல்லாச் சுவரிலும் நின்று ஊற்றிக்கொண்டே இருக்கிறவள், தன் பிள்ளைக்கு மட்டும் ஊற்றவில்லை. மரியநாயகி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தம்பியையும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் லியனார்ட் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பான். அன்றிலிருந்து அவள் எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைத்தாள். குடிக்க, வாய் கொப்பளிக்க, வந்தவர்கள் கால் கழுவக்கூட. மிலாறைச் சேலைக்குள் சுற்றிப் படுக்கையில் வைத்துக் காய வைத்தாள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போதும் ஒரு போத்தல் ஆறிய தண்ணீர் கூடைக்குள் இருக்கும். அவள் குடித்து யாரும் பார்த்ததில்லை, பிள்ளைகள் கேட்டால் கொடுப்பாள்.

இப்போது, லெட்சுமி வரிசைக்குத் திரும்பிய பிறகு, மரியநாயகி தம்பியைக் கண்டுவிட்டாள்.

“எப்படா வந்தே? நனைஞ்சு நிக்கிறியே. வா, வீட்டுக்கு வா.”

அவன் அன்று தோட்டத்துக்கு வந்ததே ஒரு செய்தி சொல்லத்தான். போன கிழமை கொழும்பில் பரமலிங்கம் அவனைக் கூப்பிட்டு, பழைய படத்தின் அச்சுத் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும், இந்த முறை நாலு நிறத்தில், நாடு முழுவதற்கும் என்று சொல்லியிருந்தார். “அதே பெடியன், அதே சிரிப்பு. மாத்திப்போடாதையும். சனத்துக்கு அவன் முகம் பழகிப்போச்சு,” என்று சொல்லி, அன்று வரைந்த அசல் அட்டையையும் பார்த்து வரையக் கையில் கொடுத்துவிட்டிருந்தார். அதைச் சொன்னால் அக்கா சந்தோஷப்படுவாளா, அழுவாளா என்று பஸ்ஸெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தான். டிஸ்பென்சரியில் கேட்டதற்குப் பிறகு வாய் வரவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

பத்திநாதன் ரோட்டுவரை கூட வந்தார். தேயிலை ஃபெக்டரியில் மிசின் பக்கம் நிற்கிறவர், நிறையப் பேசமாட்டார்.

“மச்சான், டக்ளஸுக்கு முன்பல்லு ஒடஞ்சிருந்துச்சே, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

அவர் நடந்துகொண்டே தன் முன்பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

“அது மட்டுந்தான் மாப்ள இருக்கு. மிசின் சத்தத்துல நிக்கிறப்போ பல்லு வரும். மொகம் வரணும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வராது, படந்தான் வரும்.” பஸ் வரும் திசையைப் பார்த்தார். “ஒங்க அக்காகிட்ட ஒரு தடவ சொன்னேன். அடிச்சுச் சொல்லிட்டா, ஒடையலன்னு. அப்புறம் நான் சொல்றதில்ல.”

ஹட்டனுக்குத் திரும்பி வந்த லியனார்ட் அந்தக் கிழமை முழுவதும் வேறு வேலை எதையும் தொடவில்லை. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய தொடர்கதைப் படம்கூட அப்படியே கிடந்தது. ஒரு பிள்ளையின் முகத்தை உலகத்தில் இரண்டு பேர்தான் வைத்திருந்தார்கள், ஒருத்தரிடம் பல் மட்டும் மிச்சம், இன்னொருத்தியிடம் அதுவும் இல்லை. அந்த முகத்தைப் பறித்தவன் தானேதான் என்பது அவனை உட்காரவிடவில்லை. நினைவிலிருந்து வரைந்து பார்த்தான். வரையவரையக் கொழுத்த பையனே வந்தான். தன் தலைக்குள்ளும் அவன்தான் குடியேறிவிட்டான் என்று தெரிந்தபோது பேனாவை வைத்துவிட்டுக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பிறகுதான் பழைய அட்டையைச் சன்னலருகே கொண்டுபோனான். சாய்ந்த வெளிச்சத்தில் கன்னத்து வெள்ளை மற்ற இடத்தைவிடத் தடித்துத் தெரிந்தது. அவன் அன்று கோடு போட்டது இந்தியன் மையில். அது தண்ணீருக்கு அசையாது. மேலே பூசிய வெள்ளை அப்படியில்லை, தண்ணீர் பட்டால் கரைகிற சாதாரண வெள்ளை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் அது ஏன் தோன்றவில்லை என்று அவனுக்கே விளங்கவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து வாயின் மேல் மெல்ல ஒற்றினான். வெள்ளை பால்போலக் கரைந்து பஞ்சுக்கு வந்தது. அடியில், சாய்வாக உடைந்த அந்தப் பல்லின் கறுப்புக் கோடு, நேற்று வரைந்ததுபோல நின்றது. இன்னொரு பஞ்சு. கன்னத்துக் குழி மேலே வந்தது. “மாமா, நான் புஸ்தகத்துல வருவேனா?” என்று கேட்ட பையன் அங்கேயேதான் இருந்தான். நாலு வருஷமும் வெள்ளை மைக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தான். லியனார்ட் தனியாக இருந்து வாய்விட்டு அழுதான்.

அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தான். புதுப்படத்தில் இவனைத்தான் போடுவது. பரமலிங்கம் ஒப்புக்கொள்ளமாட்டார், தெரியும். வேலை கைவிட்டுப் போகும், அதோடு அந்தக் கந்தோரின் மற்ற வேலைகளும் போகும், அதுவும் தெரியும். போகட்டும். அக்கா ஒருதரம் பார்த்து, ‘ஆமாடா, இவன்தான்’ என்று சொன்னால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். நல்ல தடித்த தாளில் பையனை மட்டும் தனியாகப் பெயர்த்து வரைந்தான். முகமும் தோளும், தண்ணீர் வரும் பக்கம் அண்ணாந்த கண்ணும். கோப்பையும் கேத்தலும் இல்லை. நூலிழை வித்தியாசமில்லாமல் வந்துவிட்டது என்று மனதுக்குப் பட்ட ஞாயிற்றுக்கிழமை, அதைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

மரியநாயகி பூசைக்குப் போய்வந்த சேலையோடு அடுப்பருகில் இருந்தாள். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரிலும் ஒரு தண்ணிப்படம், புகை படிந்து. சொல்ல வேண்டியதை அவன் வழியெல்லாம் பாடமாக்கியிருந்தான். புதுப்படத்துக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றும், முகம் வரைந்து வந்திருப்பதாகவும் மட்டும் சொல்லிவிட்டு, தாளை விரித்து அவள் கையில் கொடுத்தான். அவள் வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். லியனார்ட் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாருடா தம்பி இது?”

அவன் சுவரிலிருந்த தண்ணிப்படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“பாவம், எளைச்சுக் கெடக்கே. எந்தத் தோட்டத்துப் புள்ள?” என்றாள். பிறகு விரலால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். “பல்லு வேற ஒடஞ்சிருக்கு. விழுந்திருப்பான்போல. தாய்க்காரி பாக்கக்கூடாதா?”

அவள் விளையாடவில்லை. சித்தமும் கலங்கியிருக்கவில்லை. எந்த லயத்துப் பிள்ளை காலில் ரத்தத்தோடு வந்தாலும் இதே குரலில்தான் கேட்பாள். பாடமாக்கிய வார்த்தை லியனார்டிடம் தயாராக இருந்தது. சொல்லலாம். அட்டையையும் பஞ்சையும் கொண்டுவந்து காட்டினால் நம்பவும் செய்வாள். நம்பிய பிறகு அவளுக்கு என்ன இருக்கும்? தண்ணீர் கொடுக்காமல் ஒரு பிள்ளையைச் சாகவிட்டவள் என்று ஊர் சொன்னது. சொந்தப் பிள்ளையின் முகத்தையும் மறந்தவள் என்று இனி அவளே சொல்லிக்கொள்வாள். அதை எப்படிக் கொண்டுபோய் அவள் தலையில் வைப்பது?

“உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் புள்ளக்கா,” என்றான்.

“புதுப்படத்துல இவனையா போடப்போறே?” அவள் குரல் சட்டென்று மாறியது. தாளை மடியில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்டா தம்பி. எம்புள்ள மொகம் அப்படியே இருக்கட்டும். இத்தன வருசத்துல நான் ஒங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. அவனை மாத்திப்புடாத. எங்க போனாலும் அவன் சொவத்துல நிக்கிறான்னுதான் நான் நடமாடிக்கிட்டு இருக்கேன்.”

“மாத்த மாட்டேன்க்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. கொதித்தாறிய தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்தான். அதற்குள் பத்திநாதன் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் மிசின் பார்க்கப் போய், கையெல்லாம் எண்ணெயோடு வாசலில் நின்றார். “இங்க பாருங்க, தம்பி வரைஞ்சிருக்கான், உடப்புசல்லாவைப் புள்ளையாம்,” என்று மரியநாயகி தாளைத் தூக்கிக் காட்டினாள்.

பத்திநாதன் பார்த்தார். எண்ணெய்க் கை பட்டுவிடக்கூடாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நிமிர்ந்து லியனார்டைப் பார்த்தார். லியனார்ட் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்தப் பக்கம்னு சொன்னே?”

“உடப்புசல்லாவைங்க,” என்றாள் மரியநாயகி.

“இருக்கும்,” என்றார் பத்திநாதன். “அந்தப் பக்கம் மழை ஜாஸ்தி.”

இஸ்தோப்புக்குப் போய் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கைகழுவத் தண்ணீர் வைத்தாயிற்று என்று அவள் இரண்டுதரம் கூப்பிட்டும் திரும்பவில்லை.

லியனார்ட் தாளைச் சுருட்டுவதற்குக் கையை நீட்டினான். மரியநாயகி கொடுக்கவில்லை.

“இது ஒனக்கு வேணுமா தம்பி? வேணாம்னா இங்கயே இருக்கட்டுமே. டக்ளஸ் எத்தன காலமா ஒத்தையிலயே நிக்கிறான். தொணைக்கு ஒரு புள்ள இருக்கட்டும்.”

கோதுமை மாவில் கேத்தல் தண்ணீரை விட்டுப் பசை கிளறினாள். தண்ணிப்படத்தின் வலது பக்கத்தில், சிரிக்கிற பையனின் உயரத்துக்குச் சரியாகப் பார்த்து, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். சுவரில் தாய் கேத்தலைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கொழுத்த பிள்ளையின் கோப்பையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பக்கத்தில், கையில் ஒன்றுமில்லாமல், உடைந்த பல் தெரிய வாயைத் திறந்துகொண்டு, அந்த ஒட்டிய கன்னத்துப் பையன் அதே தண்ணீரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.